தினம் ஒரு குவார்ட்டர் என்று மாமா சொன்னார்

என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பை ஆரஞ்சும் ஒரு கேள்வியும் கொண்டுவந்தார்கள். ஆரஞ்சை அக்கா பிள்ளைகள் தின்றுவிட்டார்கள். கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். இனிமேல் யாராவது "என்னடா ஆச்சு ஒனக்கு" என்று கேட்டால் இதை நீட்டிவிடலாம். ஒன்பதாவதோடு நின்றவன் எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது படித்த எங்கள் மாமா எழுதினாலும் இதே அளவு தப்பு இருக்கும்.

நான் சரவணன். சிதம்பரத்தில் குட்டியானை ஓட்டுகிறேன். குட்டியானை என்றால் சின்ன லோடு வண்டி. யானைப்பாகன் என்று நினைத்துக்கொண்டு வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன மாமா என் அக்கா அமுதாவின் வீட்டுக்காரர், பெயர் கலியபெருமாள். அவருக்கும் எங்கள் ஸ்டாண்டில் ஒரு வண்டி உண்டு. சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான்.

எங்கள் பக்கத்தில் மாமன் மச்சானுக்குள் எவ்வளவு கிண்டல் வேண்டுமானாலும் செய்யலாம், யாரும் கேட்க மாட்டார்கள். செய்யாவிட்டால்தான் "என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா" என்று கேட்பார்கள். கல்யாணத்தன்று அவர் குடிக்க வேண்டிய பாலில் நான் உப்பைப் போட்டேன். அன்றைக்கு ஆரம்பித்தது. அவர் பல் பிடுங்கப் போனபோது துணைக்குப் போன நான், "தூங்கும்போதும் பாக்கு மெல்லுவாரு டாக்டர்" என்று சொல்லிவைத்தேன். பல் டாக்டர் பல்லை விட்டுவிட்டு அவருக்கு நெடுநேரம் புத்தி சொன்னார். பாக்கு என்ன, மாமா டீகூடக் குடிக்காதவர். விடிவதற்கு முன்னால் எழுந்து நடப்பார். பரோட்டாக் கடைப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். பல் டாக்டர் பேசி முடிக்கும்வரை என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். "ஒனக்கு ஒரு நாள் இருக்குடா மச்சான்" என்றார்.

அந்த நாள் வந்ததைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் எங்கள் ஸ்டாண்டு இன்சூரன்ஸ் பற்றிக் கொஞ்சம்.

ஸ்டாண்டில் வண்டிகள் முறை போட்டு நிற்கும். முன்னால் நிற்பவனுக்கு முதல் லோடு. முறை போனால் சோறு போனது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் சங்கத்தில் எல்லாருக்கும் சேர்த்து மருத்துவ இன்சூரன்ஸ் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். எல்லாரும் சேர்ந்தால்தான் கம்பெனி குறைந்த காசுக்குத் தரும். அதனால் பணம் கட்டாதவனுக்கு முறை இல்லை என்று கட்டாயம் ஆக்கினார்கள். நான்கூட எகிறினேன், "எனக்கு என்ன வயசா ஆவுது, கெழவனுங்க சுகருக்கு நான் ஏன் கட்டணும்" என்று. எகிறினேனே தவிர கட்டிவிட்டேன். முறை வேண்டுமே.

முதல் வருஷமே முருகையன் அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்தார். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக்காரர், எங்கள் ஸ்டாண்டில் மூத்த வண்டி அவருடையது. சாயங்காலம் ஆனால் கடைக்குப் போவார், அது ஊருக்கே தெரியும். கல்லீரல் வீங்கிவிட்டது. இன்சூரன்ஸ் கட்டியது. மறு வருஷம் கம்பெனி ரேட்டை ஏற்றியது. ஏற்றாமல் பழைய காசுக்கே வேண்டும் என்றால் இன்னொரு திட்டம் இருக்கிறது என்றும் சொன்னார்கள். அதில் குடியால் வரும் நோய்க்குப் பணம் கிடையாது.

மாமா அந்த இரண்டாவது திட்டத்துக்காக ஒற்றைக் காலில் நின்றார். "நான் நடக்கிறேன், வாயைக் கட்டுறேன், ஒடம்பப் பாத்துக்கிறேன். கடையில போயி விழுறவனுக்கு என் காசு எதுக்குப் போவணும்? அவனவன் ஒடம்புக்கு அவனவன்தான் பொறுப்பு" என்றார். கோபத்துக்குக் காரணம் உண்டு. அவர் அப்பா குடித்தே நிலத்தை அழித்தவர். நிலத்தை மட்டுமா, மாமாவின் படிப்பையும்தான். அதனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கூட்டத்தில் முருகையண்ணனும் இருந்தார். அவரும் கை தூக்கினார். எதற்குத் தூக்கினார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தெளியாமல் வந்து தூக்கியிருப்பார் என்று நான்தான் கேலி பேசினேன்.

இப்போது என் வயிற்றுக்கு வருவோம்.

செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனிக்குக் காலி டிரம் இறக்கிவிட்டு, கடலூரில் பரோட்டா சாப்பிட்டேன். கூடவே பாயா. மாமாவும் வண்டியில் இருந்தார், அன்றைக்கு அவர் வண்டி மெக்கானிக்கிடம். வழக்கம்போல் அவர் வீட்டிலிருந்து கட்டிவந்த கேப்பங்களியைத் தின்றுகொண்டே, "தின்னு தின்னு, வயிறா அது, கால்வாயா" என்றார். வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். மேல் வயிற்றில் ஒரு வலி. முதலில் கேஸ் என்று நினைத்தேன். பிறகு ஜாக்கியை உள்ளே வைத்து யாரோ தூக்குவது போல் இருந்தது. வயிற்றில் ஆரம்பித்து முதுகு வழியாக வெளியே வந்தது வலி. ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்துவிட்டேன். வாந்தி நிற்கவில்லை. மாமா என்னைத் தள்ளிவிட்டு அவரே ஓட்டினார். வழியில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் நிறுத்தினார். நம் இன்சூரன்ஸ் செல்லும் என்று போர்டு போட்டிருந்த ஆஸ்பத்திரி.

அங்கே டியூட்டியில் ஒரு லேடி டாக்டர், என் வயதுதான் இருக்கும். வயிற்றை அமுக்கினார். நான் துள்ளினேன். ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, எழுதிக்கொண்டே கேள்வி கேட்டார். சுகர் உண்டா, முன்னால் ஆப்பரேஷன் உண்டா. மாமா பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"குடிப்பழக்கம் உண்டா?"

மாமா என்னைப் பார்த்தார். ஊசி வேலை செய்து எனக்கு அப்போதுதான் மூச்சு வந்திருந்தது. பயம் விலகிய சந்தோஷமோ என்னவோ, மாமா முகத்தில் பல் டாக்டர் ஞாபகம் வந்து நின்றது.

"உண்டாவா? தினம் ஒரு குவார்ட்டர் டாக்டர். ஞாயித்துக்கெழம ஆஃப்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். உயிர் போகிற நேரத்திலும் மாமாவிடம் தோற்க மனசு வரவில்லை. "அவருதான் டாக்டர் வாங்கித் தர்றாரு" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். டாக்டர் சிரிக்கவில்லை. எழுதினார். நான் சாராய வாடைகூட ஆகாதவன். லோடு ஏற்றப் போன இடத்தில் ஒருவன் கிளாஸை நீட்டினால் எனக்குக் குமட்டும். அது மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டாக்டருக்கு எப்படித் தெரியும்?

ரத்தப் பரிசோதனை வந்ததும் பெரிய டாக்டர் வந்தார். கணையம் வீங்கியிருக்கிறது என்றார். அப்படி ஒன்று என்னிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இரைப்பைக்குப் பின்னால் வாழைப்பூ மடல் மாதிரி ஒன்று படுத்திருக்கிறதாம். நாம் தின்பதைக் கரைக்க அது ஒரு தண்ணீர் சுரக்கும். அந்தத் தண்ணீர் குடலுக்குப் போகாமல் உள்ளேயே நின்றுவிட்டால் கணையத்தையே கரைக்க ஆரம்பித்துவிடும். "ரெண்டு காரணந்தான் ஜாஸ்தி. ஒண்ணு பித்தப்பையில கல்லு. இல்லைன்னா குடி" என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் காற்று நிறைந்து கிடந்ததால் பித்தப்பை சரியாகத் தெரியவில்லை. டாக்டர் என் காகிதத்தைப் புரட்டினார். தினம் ஒரு குவார்ட்டர். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

வைத்தியம் என்றால் பட்டினி. வாய் வழியாகத் தண்ணீர்கூடக் கூடாது. மூக்கில் ஒரு குழாய், கையில் டிரிப்ஸ், கட்டிலில் 'ஒன்றும் கொடுக்கக் கூடாது' என்று அட்டை. பாயா தின்றவனுக்குக் கடவுள் கொடுத்த தண்டனை அது. பக்கத்துக் கட்டிலுக்கு இட்லி வந்தால் சாம்பாரில் என்ன காய் என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன். ராத்திரியில் தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நர்சம்மா பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் தடவுவார். அந்தப் பஞ்சைக் கடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கும்.

சிதம்பரத்திலிருந்து அம்மாவும் அக்காவும் வந்தார்கள். அம்மா நேராக வந்து என் வாயை முகர்ந்து பார்த்தார்கள். மூக்கில் குழாய் தொங்குகிறவனின் வாயை. நர்சம்மா ஏற்கெனவே சொல்லியிருக்கிறார், குடியால் வந்ததாக.

"அம்மா, மாமா வெளையாட்டுக்குச் சொன்னது."

"எல்லாக் குடிகாரனும் இப்படித்தான் சொல்லுவான்" என்று அம்மா அழுதார்கள்.

அக்கா மாமாவைத்தான் பார்த்தாள். அக்கா பார்த்தால் நாங்கள் இரண்டு பேருமே பயப்படுவோம். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அது ஒரு பேச்சுக்கு" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒருவரும் என் கண் முன்னால் சாப்பிடவில்லை. மாடிப்படிக்கு அடியில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வருவார்கள். அம்மா சேலையில் மோர் வாடை வந்தாலும் அக்கா அவர்களைத் தள்ளி உட்கார வைப்பாள். இதையெல்லாம் நான் கண்டுபிடித்துக் கேலி பண்ணினேன்.

மறுநாள் இன்சூரன்ஸ் கவுன்டரிலிருந்து ஒரு தம்பி வந்தார். நல்ல பையன், பேசும்போது காகிதத்தைத்தான் பார்ப்பார். கேஷ்லெஸ் என்றால் நாம் கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிடுவது. அதற்கு முன்னாலேயே கம்பெனியிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி வரவில்லை.

"ஹிஸ்டரியில ஆல்கஹால்னு இருக்கு சார். ஒங்க பாலிசியில அதுக்குக் கெடையாது. சங்கத்துலதான் அந்தத் திட்டம் வேணும்னு எடுத்திருக்காங்க" என்றார். "காரணம் வேறன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா அனுப்பிப் பாக்கலாம். இல்லைன்னா நீங்கதான் கட்டணும்."

மாமா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்தத் திட்டம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர். என்னைக் குடிகாரன் ஆக்கியவரும் அவர்.

கட்டுவதற்கு எங்களிடம் இருந்தது என் வண்டி மட்டும்தான், அதுவும் பாதிக் கடனில். வண்டி போனால் நான் யார் வண்டிக்காவது கூலிக்குப் போக வேண்டியதுதான். சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாமா, அங்கே காசு கட்ட வேண்டாமே என்று அம்மா கேட்டார்கள். ரத்த அழுத்தம் இறங்கிக் கிடக்கிறது, இப்போது அசைக்கக் கூடாது என்றுவிட்டார் பெரிய டாக்டர். அக்கா கழுத்துச் செயினைக் கழற்றினாள். "போடு அத" என்றார் மாமா.

மாமா டியூட்டி டாக்டரிடம் போனார். நான் கட்டிலில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டாக்டரம்மா, அன்னைக்கு நான் சொன்னது கேலிக்கு. அவன் எனக்கு மச்சான்."

"மச்சான்னா?"

"மச்சான்னா கேலி பண்ணுவோம்."

"ஆஸ்பத்திரியிலயா?"

"எங்கயும் பண்ணுவோம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதினதை நான் அடிக்க முடியாதுங்க. அடிச்சா நான் மாட்டுவேன். வேணும்னா கீழே, உறவினர் இப்போ இப்படிச் சொல்றாருன்னு எழுதுறேன். ஆனா பணம் கெடைக்காதுன்னு தெரிஞ்ச பெறகு எல்லாருமே இப்படித்தான் சொல்வாங்க. அவங்க எத நம்புவாங்க, சொல்லுங்க."

அது நியாயமான பேச்சு.

அந்த நேரத்தில்தான் முருகையண்ணன் வந்தார். லோடு இறக்கிவிட்டு நேராக வந்திருக்கிறார், தோளில் துண்டு, கையில் ஆரஞ்சு. வார்டு வாசலிலேயே பேச்சைக் கேட்டுவிட்டார்.

"டாக்டரம்மா, இவன் குடிக்கிறவன் இல்ல. எனக்குத் தெரியும்."

"நீங்க யாரு?"

"நான் குடிக்கிறவன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. நான் சிரித்தேன், வயிறு கிழிந்தது போல் வலித்தது. "சிரிக்க வெக்காதீங்கண்ணே, செத்துருவேன்" என்றேன். அண்ணன் சிரிக்கவில்லை. "எங்க ஸ்டாண்டுல யார் யாரு வருவான்னு எனக்குத் தெரியாதா. இந்தப் பய ஒரு நாள் வந்ததில்ல. ஊறுகாகூட வாங்கித் தந்ததில்ல" என்றார். டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. எப்படி எழுதுவார்? ஆனால் கேட்டுக்கொண்டார். "காத்து குறையட்டும், ரெண்டு நாள்ல மறுபடி ஸ்கேன் பாக்கச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த இரண்டு நாள்தான் நீண்டது. எனக்கு ஒரே வேண்டுதல், என் பித்தப்பையில் கல் இருக்க வேண்டும். மற்றவன் எல்லாம் கல் இருக்கக் கூடாது என்று சாமி கும்பிடுவான். நான் கல்லைக் கொடு தாயே என்று கும்பிட்டேன். அம்மா ஸ்ரீமுஷ்ணம் பெருமாளுக்குக் காசு முடிந்துவைத்தார்கள். எதற்கு வேண்டிக்கொண்டார்கள் என்று கேட்டேன். "நீ குடிக்கலன்னு தெரியணும்" என்றார்கள். அப்போதும் அவர்களுக்குச் சந்தேகம்.

முருகையண்ணன் தினமும் கடலூர்ப் பக்கம் லோடு பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். ஒரு மத்தியானம் மாமாவும் அவரும் என் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நான், குழாயோடு.

"கலியபெருமாளு, ஒன்மேல எனக்குக் கோவமில்ல" என்றார் அண்ணன்.

"கோவப்பட ஒனக்கு என்ன இருக்கு? தப்பு நீ பண்றது" என்றார் மாமா. மெல்லத்தான் சொன்னார்.

"தப்புதான். வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயம், இல்லியா? ரோட்டுல தப்பா ஓட்டி இடிக்கிறவனும் அதுல இருக்கான், ஒழுங்கா ஓட்டுறவனும் இருக்கான். அடிபட்டவனுக்கு காசு வருது. தப்பா ஓட்டினவனுக்கு ஃபைன் போடட்டும், வேணாங்கல."

"வண்டி தானாப் போயி கடையில நிக்காதுண்ணே."

"நானும் தானாப் போவல. காலு இழுத்துக்கிட்டுப் போவுது." அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தத் திட்டம் வந்த பெறவு எங்க ஆளுங்க ஒருத்தன்கூட டாக்டர்கிட்ட உண்மையச் சொல்றதில்ல. குடிக்கிறியாங்கும்போது இல்லைங்கறான். சொன்னா காசு வராதே. நானும் அப்படித்தான். போன மாசம் காலு வீங்கிப் போயி ஒரு டாக்டரப் பாத்தேன், குடியே தெரியாதுன்னேன். அவரு ஏதோ மாத்திர குடுத்தாரு. என்ன மாத்திரயோ, யாருக்குத் தெரியும்."

மாமா அவர் கால்களைப் பார்த்தார். அண்ணன் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டார், ஆனால் நானும் பார்த்துவிட்டேன். கணுக்கால் பானை மாதிரி இருந்தது.

"அப்பறம் ஏண்ணே கூட்டத்துல நீயும் கை தூக்கின?" என்று நான் கேட்டேன். மூக்குக் குழாயோடு பேசினால் எனக்கே வேறு யாரோ பேசுவது போல் இருக்கும்.

"ரேட்டு ஏறினது என்னாலதானடா. எல்லாரும் என்னையே பாத்தாங்க. தூக்காம என்ன பண்றது." பிறகு சிரித்தார். "ஆனா ஒண்ணு தம்பி. எனக்கு வராதுன்னு தெரிஞ்சும் நான் பணம் கட்டிக்கிட்டுதான் இருக்கேன். கட்டலன்னா மொறை இல்லியே. ஒனக்கு அனுமதி வந்துச்சுன்னா, ஒன் பித்தப்பையில என் காசும் இருக்கும். பாத்துப் பத்திரமா வெச்சுக்க."

நான் அதைப் பெரிய ஜோக்காக நினைத்துச் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனார். நெடுநேரம் கழித்து அக்கா வந்து, "ஒங்க மாமா கீழ டீ குடிச்சிக்கிட்டு நிக்கிறாரு" என்றாள். எங்கள் குடும்பத்தில் அது பெரிய செய்தி. நான் கிண்டலுக்கு அதைப் பத்திரப்படுத்திக்கொண்டேன்.

இரண்டாவது ஸ்கேனில் கல் தெரிந்தது. ஒன்று இரண்டு இல்லை, கேழ்வரகைக் கொட்டியது போல் பொடிப்பொடியாக. அதில் ஒன்று நழுவிப் போய்க் குழாய் வாயை அடைத்திருக்கிறது. பித்தப்பைக் குழாயும் கணையக் குழாயும் கடைசியில் ஒரே வாசல் வழியாகத்தான் குடலுக்குள் போகுமாம். ஒருவன் வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டால் பின்னால் வருகிறவன் எல்லாம் நிற்க வேண்டியதுதான். எங்கள் ஸ்டாண்டில் இது தினம் நடக்கிறது, அதனால் எனக்கு உடனே புரிந்தது.

பெரிய டாக்டர் காரணம் கல் என்று எழுதினார். டியூட்டி டாக்டர் தன் குறிப்பைக் கீழே சேர்த்தார். அடுத்த நாள் சாயங்காலம் கவுன்டர் தம்பி வந்தார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "அப்ரூவல் வந்துருச்சு சார்."

அம்மா அப்போதுதான் என் தலையைக் கோதிவிட்டார்கள். அதுவரைக்கும் அந்தக் கை என் தலைக்கு வரவே இல்லை.

முதலில் ஒரு கரண்டி இளநீர். பிறகு கஞ்சித் தண்ணீர். உலகத்தில் எத்தனையோ தின்றிருக்கிறேன், அந்தக் கஞ்சித் தண்ணீர் போல் ஒன்று கிடையாது. வீக்கம் அடங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரம் கழித்து வந்து பித்தப்பையை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும் என்றார்கள். அதுவும் நடந்தது, நாலு சின்ன ஓட்டைதான் போட்டார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எடுத்த கல்லைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா அதை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்கள். என் புள்ள குடிகாரன் இல்லை என்பதற்கு அவர்களிடம் இருக்கும் சாட்சி அதுதான். காட்டுமன்னார்கோயில் பக்கம் பெண் பார்க்கும்போது அதையும் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று நினைக்கிறேன்.

இன்சூரன்ஸைப் புதுப்பிக்கிற நேரம் வந்தது. சங்கக் கூட்டம். அதே இரண்டு திட்டம், ஒன்று காசு கூட, ஒன்று காசு குறைவு. மாமா எழுந்தார். ஒற்றைக் காலில் நிற்பார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"குடிக்கிறவன்மேல எனக்கு இன்னும் கோவந்தான்" என்றார். "அது போவாது. எங்கப்பன் ஞாபகம் இருக்கறவரைக்கும் போவாது. ஆனா என் வாயால வந்த ஒரு சொல்லுக்கு என் மச்சான் வண்டி போயிருக்கும். நெசமாக் குடிக்கிறவன் டாக்டர்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டு வர்றான். அப்ப அந்த விதி யாரப் புடிக்கிது? வாய் தவறினவனையும் உண்மை பேசுறவனையும் மட்டுந்தான் புடிக்கிது. கூடக் காசு உள்ள திட்டத்துக்கே போவலாம்."

"மச்சானுக்கு வந்ததும் பேச்சு மாறிடுச்சு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

"ஆமா. மாறிடுச்சு" என்றார் மாமா.

அதற்கு மேல் யாராலும் கிண்டல் பண்ண முடியவில்லை. ஆனாலும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். நல்ல சண்டை நடந்தது. இரண்டு பேர், நாங்கள் வேறு ஸ்டாண்டுக்குப் போகிறோம் என்று போயே விட்டார்கள். அவர்கள் பேச்சிலும் நியாயம் இருந்தது, அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. கை தூக்கச் சொன்னபோது நூலிழையில்தான் ஜெயித்தோம். முருகையண்ணன் இந்தத் தடவை கை தூக்கவில்லை. தனக்காகத் தானே எப்படித் தூக்குவது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதுத் திட்டம் வந்த வாரமே மாமா அவரை வண்டியில் ஏற்றினார். அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்றார். "கட்டுன காசு வீணாப் போவும், ஏறுண்ணே" என்றார் மாமா. நானும் ஏறிக்கொண்டேன். அதே கடலூர் ஆஸ்பத்திரி. அதே டியூட்டி டாக்டர். எங்களைப் பார்த்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

அண்ணனின் காலை அமுக்கிப் பார்த்தார். அமுக்கிய இடத்தில் குழி அப்படியே நின்றது. சுகர் உண்டா, ஆப்பரேஷன் உண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். பிறகு பேனாவை நிறுத்தினார்.

"குடிப்பழக்கம் உண்டா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை, நல்ல ஜோக்காகத்தான் இருந்திருக்கும். மாமாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. டீ வாடை அடித்தது.

முருகையண்ணன் எங்கள் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தார்.

"உண்டு டாக்டரம்மா" என்றார். "ரொம்ப வருஷமா. எழுதிக்கங்க."